‘இது டிம்மா, பிரைட்டா?’ – எஃப்.சி.யில் திரும்பி வந்த குட்டியானையின் விளக்குகள்

சென்ற புதன்கிழமை எங்கள் குட்டியானைக்கு, அதாவது சிறு சரக்கு வண்டிக்கு, எஃப்.சி. என்னும் தகுதிச் சான்று கிடைத்தது. அதற்கு மூன்று வாரங்களுக்கு முன்னர் அதே வண்டி அதே ஆய்வுத் தளத்திலிருந்து திருப்பி அனுப்பப்பட்டிருந்தது. என்ஜின், பிரேக், டயர், புகை எல்லாம் சரியாக இருந்தும் விளக்குகளால் மட்டுமே தோற்றுப்போனது என்பதுதான் எனக்கு வருத்தம். ஏனெனில் அந்த விளக்குகளுக்குத்தான் நான் அதிகமாகப் பணம் செலவழித்திருந்தேன். வண்டிக்கு வயது ஒன்பது. சரக்கு வாகனம் எட்டு வயதைத் தாண்டிவிட்டால் தகுதிச் சான்றை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும் என்பதால், இந்தச் சிக்கலை அடுத்த ஆண்டுக்குத் தள்ளிவிட்டுத் தப்பிக்கவும் வழியில்லை.

எங்கள் ஊர் மடத்துக்குளத்தை அடுத்தது. தக்காளி, கத்தரி, முருங்கை என்று எது இருந்தாலும் இரவில் ஏற்றி ஒட்டன்சத்திரம் சந்தைக்குக் கொண்டுசெல்வது வழக்கம். பழைய முகப்பு விளக்குகள் மஞ்சளாக, மங்கலாக எரிந்தன. எதிரே பேருந்து ஒன்று கடந்து சென்றால் அடுத்த சில நொடிகளுக்குச் சாலையின் ஓரமே தெரியாது. அதனால் சென்ற ஆண்டு 1,850 ரூபாய்க்கு ஒரு ஜோடி எல்.இ.டி. பல்பு வாங்கி, டிம்முக்கும் பிரைட்டுக்கும் தனித்தனி இழை கொண்ட எச்4 வகை ஹாலோஜன் பல்பு இருந்த இடத்தில் நானே பொருத்தினேன். பெட்டியின் மேல் 200 வாட் என்றும், வெளிச்சம் 16,000 லூமன் என்றும் அச்சிடப்பட்டிருந்தது. பின்னாளில் மல்டிமீட்டரைத் தொடராக இணைத்து அளந்தபோது ஒரு பல்பு எடுத்துக்கொண்ட மின்னோட்டம் 2.3 ஆம்பியர்தான், அதாவது ஏறத்தாழ 32 வாட். இந்த அளவை வாங்கிய அன்றே எடுத்திருந்தால் இந்தப் பதிவே தேவைப்பட்டிருக்காது.

பொருத்திய முதல் இரவில் வண்டிக்கு முன்னால் இருந்த இருபது மீட்டரும் பகல்போல வெளுத்துப்போனதைப் பார்த்து மகிழ்ந்தேன் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் எதிரே வருபவர்கள் எல்லாரும் டிப் அடித்துக் காட்டத் தொடங்கினார்கள். நான் டிம்மில்தான் இருக்கிறேன் என்று காட்டுவதற்கு ஒரு முறை பிரைட் போட்டு இறக்கினால் அவர்கள் இன்னும் கோபப்பட்டார்கள். தை மாதத்தில் பழனிக்குப் பாதயாத்திரை செல்பவர்கள் சாலையின் இடது ஓரமாக இரவெல்லாம் நடந்துகொண்டிருப்பார்கள். அவர்களுடைய பைகளில் ஒட்டியிருந்த ஒளிரும் பட்டைகள் பழைய மங்கலான ஹாலோஜனில் தெரிந்த தொலைவில்கூட இந்த வெள்ளை வெளிச்சத்தில் தெரியவில்லை. அப்போதும் நான் பல்பைச் சந்தேகிக்கவில்லை; மூக்குக்கண்ணாடி போடக் கண் மருத்துவரைப் பார்க்கலாமா என்றுதான் யோசித்தேன்.

ஆய்வு நாளன்று ஆய்வாளர் வண்டியைச் சுவருக்கு எதிரே நிறுத்தச் சொல்லி டிம்மில் வைக்கச் சொன்னார். சுவர் முழுவதும் வெள்ளையாக அப்பிக்கிடந்தது. மேலே இருட்டு, கீழே வெளிச்சம் என்று பிரிக்கும் கோடு எங்கும் இல்லை. அவர் சற்று நேரம் பார்த்துவிட்டு, “இது டிம்மா, பிரைட்டா?” என்று கேட்டார். “டிம்முங்க சார்” என்றேன். பிரைட் போடச் சொன்னார். சுவரில் பெரிய மாற்றம் ஒன்றும் ஏற்படவில்லை. அதன்பிறகு வண்டியைச் சுற்றிவந்து அவர் எழுதிய குறைகள் வருமாறு: முகப்பு விளக்கு கண்ணைக் கூசுகிறது, பம்பரில் கூடுதல் ஃபோகஸ் விளக்குகள் உள்ளன, கிரில்லில் நீலப் பட்டை, கூரை முகப்பில் சிவப்புப் பட்டை, இடது பின்விளக்கு மங்கல், நம்பர் பிளேட் விளக்கு எரியவில்லை, ஒளிதிருப்பும் டேப் கிழிந்துள்ளது. பட்டைகளும் ஃபோகஸ் விளக்குகளும் முந்தைய உரிமையாளர் செய்த அலங்காரம் என்று சொல்லிப் பார்த்தேன். வண்டி இப்போது யார் பெயரில் இருக்கிறது என்று கேட்டார், அதற்குமேல் பேச்சில்லை.

வேலையைத் தொடங்குவதற்கு முன்னர், மெக்கானிக் சொல்வதையும் நண்பர்கள் சொல்வதையும் விட்டுவிட்டு, 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் விளக்குகளுக்கான பகுதியை உட்கார்ந்து படித்தேன். அதில் எனக்கு வியப்பாக இருந்தது, எந்த இடத்திலும் ‘அதிக வெளிச்சம் வேண்டும்’ என்று சொல்லாமல், எவ்வளவு தொலைவில் தெரிய வேண்டும், எந்த உயரத்தில் கண்ணைத் தொடக்கூடாது என்று மீட்டர் கணக்கில் சொல்லியிருப்பதுதான். விதி 105இன்படி, சூரியன் மறைந்து அரை மணி நேரத்திலிருந்து சூரியன் உதிப்பதற்கு அரை மணி நேரம் முன்பு வரையிலும், அதைத் தவிர 155 மீட்டர் தொலைவில் உள்ள ஆட்களும் வண்டிகளும் தெளிவாகத் தெரியாத எந்த நேரத்திலும், விளக்குகள் எரிந்துகொண்டிருக்க வேண்டும். பின்பக்கச் சிவப்பு விளக்குகள் 155 மீட்டரிலிருந்து தெரிய வேண்டும். நம்பர் பிளேட்டை 15 மீட்டரிலிருந்து படிக்கும்படி வெள்ளை விளக்கு அதன்மேல் விழ வேண்டும். விதி 106 முகப்பு விளக்கைப் பற்றியது: விளக்கிலிருந்து 8 மீட்டர் முன்னால், வண்டியின் வலது விளிம்பிலிருந்து அரை மீட்டர் வலப்பக்கம், தரையிலிருந்து 1.5 மீட்டர் உயரம் என்ற இடத்தில் கண் வைத்திருப்பவருக்கு அந்த ஒளி கூசக்கூடாது. இவை எல்லாம் நாடாவும் குச்சியும் இருந்தால் களத்திலேயே அளந்து பார்க்கக்கூடிய அளவுகள்.

எளிதானதை முதலில் முடித்தேன். முன்பக்கம் சிவப்பு ஒளியும், பின்பக்கம் சிவப்பைத் தவிர வேறு ஒளியும் காட்டக்கூடாது என்பது விதி 108. ரிவர்ஸ் விளக்கு, நம்பர் பிளேட் விளக்கு, இண்டிகேட்டர் போன்றவற்றுக்கு மட்டும் விலக்கு உண்டு. ஆகவே சிவப்புப் பட்டையை உரித்தெடுத்தேன். முன்பார்க்கிங் விளக்கு வெள்ளையாகவோ ஆம்பர் நிறத்திலோ இருக்க வேண்டும் என்பதால், நீலப் பட்டையோடு நான் ஆசைப்பட்டுப் போட்டிருந்த நீலநிறப் பார்க்கிங் பல்புகளும் போயின. 5 வாட் வெள்ளைப் பல்பு இரண்டு 30 ரூபாய். ஃபோகஸ் விளக்குகள் விதி 111க்கு எதிரானவை. பதிவு அதிகாரியின் முன் அனுமதி இல்லாமல் அவற்றைப் பொருத்த முடியாது. கழற்றியபோது அவற்றின் ஒயர் ஃப்யூஸ் எதுவும் இல்லாமல் நேராக ஹார்ன் இணைப்பிலிருந்து எடுக்கப்பட்டிருப்பதைப் பார்த்தேன். ஒயரின் உறை ஓரிடத்தில் உருகி உலோகத்தோடு ஒட்டிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்ததும் ஆய்வாளர்மேல் இருந்த கொஞ்சநஞ்சக் கோபமும் அடங்கிவிட்டது.

இடையில் எங்கள் ஊர் மெக்கானிக், “ஏனுங்க, மேல நாலு மூலையிலயும் லைட்டு வெக்கோணுமுங்க, அது இல்லீன்னா மறுபடியும் திருப்பிருவாங்க” என்று சொல்லி, அதற்கு 1,200 ரூபாய் கேட்டார். விதி 107 அப்படித்தான் சொல்கிறது: முன்பக்க மேல்மூலைகளில் இரண்டு வெள்ளை, பின்பக்க மேல்மூலைகளில் இரண்டு சிவப்பு. ஆனால் மூன்று சக்கர வண்டிகளுக்கும் மொத்த அகலம் 2.1 மீட்டரைத் தாண்டாத வண்டிகளுக்கும் அது பொருந்தாது என்று அதே விதியில் இருக்கிறது. எங்கள் வண்டியின் அகலம் ஒன்றரை மீட்டர்தான். படித்ததனால் நேரடியாக மிச்சமான பணம் இது ஒன்றுதான்.

பிறகு முகப்பு விளக்கு. எல்.இ.டி.யைக் கழற்றிவிட்டு 60/55 வாட் எச்4 ஹாலோஜன் இரண்டு வாங்கினேன்; ஒன்று 190 ரூபாய். எச்4 பல்பில் டிம் இழைக்குக் கீழே சிறிய உலோகக் கிண்ணம் ஒன்று இருக்கிறது. அந்த இழையிலிருந்து பிரதிபலிப்பானின் கீழ்ப்பாதிக்குச் செல்லும் ஒளியை அது மறைப்பதால்தான் சுவரில் மேலே இருட்டும் கீழே வெளிச்சமுமாகக் கோடு விழுகிறது. நான் வாங்கிய எல்.இ.டி.யில் சில்லுகள் இழை இருக்கவேண்டிய இடத்திலிருந்து விலகி, தடித்த தண்டின் இரு பக்கங்களிலும் ஒட்டப்பட்டிருந்தன. பிரதிபலிப்பான் பழையது, ஒளி புறப்படும் இடம் புதியது. கோடு எப்படி விழும்?

ஹாலோஜனை மாட்டியதும் கோடு விழுந்தது. ஆனால் பழைய மஞ்சள் மங்கலும் திரும்பி வந்தது. எல்.இ.டி. வாங்கச் செய்த அதே மங்கல். இந்த முறை பல்பைக் குறைசொல்வதற்கு முன்னால் மீட்டரை எடுத்தேன். என்ஜின் ஓடும்போது பேட்டரி முனைகளில் 13.9 வோல்ட். டிம் எரியும்போதே பல்பின் பின்புறத்து ஊசிகளில் அளந்தால் 11.4. இரண்டரை வோல்ட் வழியிலேயே போய்விடுகிறது. ஹாலோஜன் பல்பில் வோல்டேஜ் கொஞ்சம் குறைந்தாலே வெளிச்சம் பெரிய அளவில் குறையும்; இந்தக் குறைவுக்குக் கிட்டத்தட்டப் பாதி வெளிச்சம்தான் கிடைக்கும். பல்பின் எர்த் ஊசிக்கும் பேட்டரியின் நெகட்டிவுக்கும் இடையில் அளந்தபோது 0.8 வோல்ட் காட்டியது, மீதி 1.7 வோல்ட் ஸ்டியரிங் அருகிலுள்ள சுவிட்சிலும் அதிலிருந்து வரும் மெல்லிய ஒயரிலும் பழைய பிளாஸ்டிக் ஹோல்டரிலும் தொலைந்துகொண்டிருந்தது. விளக்கு எரியும்போது அளக்க வேண்டும் என்பது முக்கியம். ஹோல்டரைக் கழற்றி வைத்துக்கொண்டு அளந்தால் மின்னோட்டம் இல்லாததால் 13.8 காட்டும், எல்லாம் சரியாக இருப்பதாகத் தோன்றும். நான் முதல் மாலை முழுவதையும் அப்படித்தான் வீணாக்கினேன்.

இதற்குத் தீர்வு ரிலே, அதாவது சிறு மின்னோட்டத்தால் பெரிய மின்னோட்டத்தை இயக்கும் மின்சுவிட்ச். சுவிட்ச் ரிலேவை மட்டும் இயக்கும். பல்புக்கான மின்சாரம் தடித்த ஒயரில் பேட்டரியிலிருந்து நேராக வரும். 12 வோல்ட், 30 ஆம்பியர் ரிலே இரண்டு (ஒன்று 130 ரூபாய்), அவற்றுக்கான அடித்தளம் இரண்டு (ஒன்று 40), பீங்கான் எச்4 ஹோல்டர் இரண்டு (ஒன்று 90) வாங்கினேன். இணைப்பு எளியது: 30ஆம் முனைக்குப் பேட்டரியிலிருந்து ஃப்யூஸ் வழியாக வரும் ஒயர், 87ஆம் முனையிலிருந்து பல்புகளுக்கு, 86ஆம் முனைக்குப் பழைய ஹோல்டரில் வந்துகொண்டிருந்த ஒயர், 85 எர்த். ஒரு ரிலே டிம்முக்கு, ஒன்று பிரைட்டுக்கு. முதல் முறை இரண்டையும் மாற்றி இணைத்துவிட்டேன். டிம் போட்டால் பிரைட் எரிந்தது. அதைச் சரிசெய்வதற்கு ஐந்து நிமிடம்தான் ஆனது.

ஐந்து நிமிடத்தில் சரிசெய்ய முடியாத தவறு ஒயரில் நேர்ந்தது. எங்கள் வண்டியில் பேட்டரி சரக்குத் தொட்டிக்குக் கீழே இருக்கிறது. அங்கிருந்து முகப்புக்கு ஒயர் நான்கு மீட்டர் நீளம் போக வேண்டும். மோட்டார் அறையில் மிச்சமிருந்த 1 சதுர மி.மீ. ஒயரை, புதியதுதானே என்று சேஸிஸ் ஓரமாக இழுத்து, கிளிப் போட்டு, சட்டங்களுக்குள் நுழைத்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் வேலை செய்தேன். பல்பில் அளந்தால் 12.4 வோல்ட். முன்பைவிட ஒரு வோல்ட் கூடியிருந்தாலும், கால் மணி நேரம் எரிந்த பிறகு ஒயரைத் தொட்டால் இளஞ்சூடாக இருந்தது. இரண்டு டிம் இழைகளும் சேர்ந்து பத்து ஆம்பியருக்கு அருகில் எடுக்கும்போது அந்த ஒயர் போதாது. எர்த் பக்கத்தையும் நான் தொடவே இல்லை, 0.8 வோல்ட் அப்படியே இருந்தது.

எல்லாவற்றையும் பிரித்துவிட்டு, 4 சதுர மி.மீ. ஆட்டோ ஒயர் எட்டு மீட்டர் வாங்கினேன். மீட்டர் 55 ரூபாய். நான்கு மீட்டர் பாசிட்டிவுக்கு, நான்கு மீட்டர் பேட்டரி நெகட்டிவிலிருந்து முகப்புக்கு வரும் தனி எர்த்துக்கு. ரிலேவிலிருந்து பல்புகளுக்கு 2.5 சதுர மி.மீ. நான்கு மீட்டர், 140 ரூபாய். ஃப்யூஸைப் பேட்டரியிலிருந்து ஒரு சாணுக்குள் வைத்தேன். அதற்கப்பால் வைத்தால், இடைப்பட்ட ஒயர் சேஸிஸில் உரசித் தோல் உரிந்தால் தடுப்பதற்கு ஒன்றும் இருக்காது. ஒயர் முனையில் மாட்டும் லக்குகளை இடுக்கியால் நசுக்காமல், கிரிம்பிங் கருவியை இரவல் வாங்கி நசுக்கி, மேலே ஸ்லீவ் போட்டுச் சுருக்கினேன். இப்போது பல்பில் 13.4 வோல்ட். அதே 380 ரூபாய் ஹாலோஜன் ஜோடி வேறு விளக்குபோல எரிந்தது.

அடுத்தது ஒளியின் கோட்டைச் சரியான உயரத்தில் வைப்பது. தரையிலிருந்து விளக்கின் நடுப்புள்ளி வரை 78 செ.மீ. நூற்றுக்கு ஒன்று என்ற சரிவில் ஒளி இறங்க வேண்டும் என்று வைத்துக்கொண்டால், 5 மீட்டர் தொலைவிலுள்ள சுவரில் கோடு 73 செ.மீ. உயரத்தில் விழ வேண்டும். களத்தில் வண்டியை நிறுத்தி, கிடங்குச் சுவரில் டேப் ஒட்டி, விளக்கின் பின்னாலுள்ள திருகுகளைத் திருப்பிச் சரியாக வைத்தேன். அன்றிரவு ஓட்டிப் பார்த்தால் வெளிச்சம் நாற்பது மீட்டரோடு வெட்டியதுபோல நின்றுவிட்டது. பத்து நாள் வேலைக்குக் கிடைத்த பலன் இதுதானா என்று அன்று உண்மையாகவே வெறுத்துப்போனேன்.

மறுநாள் கொத்தனாரிடம் தண்ணீர்க் குழாய் மட்டம் வாங்கிவந்து பிடித்துப் பார்த்தபோது காரணம் தெரிந்தது. வண்டி நின்றது சிமென்ட் களத்தில். களத்துக்கும் சுவருக்கும் இடையிலிருந்த மண்தரை மழைநீரில் அரித்து, சுவரடி களத்தைவிட 4 செ.மீ. தாழ்ந்திருந்தது. சுவரடியிலிருந்து 73 செ.மீ. அளந்ததால் கோடு 5 செ.மீ.க்குப் பதிலாக 9 செ.மீ. இறங்கியிருந்தது, 78 மீட்டரில் சாலையைத் தொட வேண்டிய ஒளி 43 மீட்டரிலேயே தொட்டுவிட்டது. குழாய் மட்டத்தால் விளக்கின் உயரத்தைச் சுவருக்கு மாற்றி, அதிலிருந்து கீழே 5 செ.மீ. அளந்து மீண்டும் கோடு போட்டேன். தரையிலிருந்து அளப்பதைவிட இதுவே எளிதும்கூட; தரை எப்படி இருந்தாலும் கவலையில்லை.

இன்னொரு சிக்கலும் இருந்தது. இதெல்லாம் காலி வண்டியின் அளவு. வண்டி ஓடுவதோ 45 பெட்டித் தக்காளியோடு. பெட்டிகளை ஏற்றிவிட்டு அதே சுவரில் பார்த்தால் பின்பக்கம் அமுங்கி முகப்பு தூக்கிக்கொண்டதில் கோடு 12 செ.மீ. மேலே ஏறியிருந்தது. அதாவது ஒளி இறங்குவதற்குப் பதிலாக வானத்தை நோக்கி ஏறிக்கொண்டிருந்தது. டேஷ்போர்டில் 0 முதல் 3 வரை எண்ணிட்ட திருகு ஒன்று இதற்காகவே இருக்கிறது. மூன்று ஆண்டுகளாக நான் அதைத் தொட்டதே இல்லை. திருப்பிப் பார்த்தால் இடது விளக்கு இறங்கியது, வலது விளக்கு அசையவில்லை. எதிரே வருபவரின் கண்ணுக்கு அருகில் இருப்பது வலது விளக்குதான். அதன் சிறு மோட்டார் பழுது. கோவை உக்கடத்தில் பழைய உதிரிபாகக் கடையில் 350 ரூபாய்க்குக் கிடைத்தது. இப்போது பாரம் ஏற்றி 3இல் வைத்தால் கோடு ஏறத்தாழ காலி வண்டியின் இடத்துக்கே வந்துவிடுகிறது.

விதி 106ஐச் சோதிக்க, வலது விளக்கிலிருந்து 8 மீட்டர் அளந்து, வண்டியின் வலது விளிம்பிலிருந்து அரை மீட்டர் தள்ளி, 1.5 மீட்டர் மூங்கில் குச்சி ஒன்றை நட்டேன். குச்சியின் நுனிக்குக் கண் வரும்படி என் மைத்துனனைச் சற்றுக் குனிந்து நிற்கச் சொன்னேன். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக முதலில் வலது விளக்கில் பழைய எல்.இ.டி.யை மாட்டினேன். அவன் கையால் கண்ணை மறைத்துக்கொண்டு, “மாமா, வண்டியே தெரியல, நீங்க எங்க நிக்கறீங்கன்னும் தெரியல” என்றான். ஹாலோஜனை மாட்டி டிம்மில் வைத்தபோது வண்டியின் நம்பரைப் படித்தான். இருபக்கமும் ஒரே கோடாக இல்லாமல், வலப்பக்கம் சமமாகவும் இடப்பக்கம் சற்று மேலேறியும் இருப்பதையும் அப்போதுதான் கவனித்துப் பார்த்தேன். இடப்பக்கம் ஓட்டும் நாடுகளுக்கான விளக்குகள் அப்படித்தான் செய்யப்படுகின்றன. வலப்பக்கம் எதிரே வருபவரின் கண் தப்புகிறது, இடப்பக்கம் ஓரத்தில் நடப்பவர் முன்கூட்டியே தெரிகிறார். பாதயாத்திரைக்காரர்கள் என் கண்ணுக்குத் தப்பியதன் காரணம் அந்த மேலேறும் கரத்தை நான் 1,850 ரூபாய் கொடுத்து அழித்ததுதான். முகப்புக் கண்ணாடியின் நடுவில் போலீசார் ஒட்டும் கருப்பு ஸ்டிக்கரை ஒட்டினால் போதும் என்று சிலர் சொன்னார்கள். கோடு விழாத விளக்கில் ஸ்டிக்கர் ஒட்டினால் வெளிச்சம் குறையுமே தவிர, கூச்சம் போகாது.

பின்விளக்கு வேலை ஒரே மாலையில் முடிந்தது. இடது பின்விளக்கு மங்கலாக எரிந்தது. பிரேக்கை மிதித்தால் அதுவும் அணைந்து, இண்டிகேட்டர் மெல்ல மினுங்கியது. ஒன்றை அழுத்தினால் வேறொன்று எரிகிறது என்றால் எர்த் இல்லை என்றே பொருள். மின்சாரம் திரும்பிப் போக வழியின்றி அடுத்த பல்பின் இழை வழியாகப் போகிறது. விளக்கின் எர்த் முனைக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் இடையில் பிரேக் மிதித்த நிலையில் 3.2 வோல்ட். சேஸிஸில் எர்த் போல்ட் இருந்த இடம் தக்காளிச் சாறும் மழையும் பட்டுத் துருவேறி, போல்ட் கையோடு வந்தது. உப்புத்தாளால் பளபளக்கும்வரை தேய்த்து, புதிய போல்ட், லக், மேலே கிரீஸ். அளவு 0.1 வோல்ட்டுக்கு இறங்கியது. விரிசல் விட்டிருந்த லென்ஸையும் மாற்றினேன் (240 ரூபாய்). விரிசல் வழியாக வெள்ளை ஒளி கசிவதும் குறைதான். பிரேக்குக்கும் பின்விளக்குக்கும் பொதுவான 21/5 வாட் இரட்டை இழைப் பல்பு இரண்டு 60 ரூபாய். இவற்றின் பக்கக் குமிழ்கள் மேலும் கீழுமாக இருப்பது தலைகீழாக மாட்டாமல் இருப்பதற்காகத்தான். நுழையவில்லை என்று பலவந்தமாகத் திருகினால் பின்விளக்கு பிரேக் விளக்கின் வெளிச்சத்தில் எரியும்.

இடது இண்டிகேட்டர் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. 15 நொடியில் 35 முறை, நிமிடத்துக்கு 140. இருக்கவேண்டியது 60க்கும் 120க்கும் இடையில். ஒரு பல்பு போய்விட்டால், இண்டிகேட்டரை மினுக்கவைக்கும் ஃப்ளாஷர் அப்படி வேகமாக அடித்து ஓட்டுநருக்குச் சொல்லும். நான் அதை வண்டியின் குணம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். 25 ரூபாய் பல்பு ஒன்றை மாற்றியதும் 15 நொடியில் 21 ஆனது.

155 மீட்டர் சோதனைக்கு அமராவதி வாய்க்கால் கரையில் நேரான ஓர் இடத்தைத் தேர்ந்தெடுத்தோம். 30 மீட்டர் நாடாவை ஐந்து முறை நீட்டி, மேலும் 5 மீட்டர். பின்விளக்கு இரண்டும் தனித்தனியாகத் தெரிந்தன. பிரேக் மிதித்தபோது மாற்றம் தெளிவாகத் தெரிந்தது. அந்தத் தொலைவில் நின்றுகொண்டு, ஒரு மாதத்துக்கு முன்பு இருந்ததுபோல இடது விளக்கை மட்டும் அணைக்கச் சொன்னேன். இருட்டில் அது அப்படியே ஒரு பைக்காக மாறிவிட்டது. வலது விளக்கை மட்டும் பார்த்து, இடப்பக்கம் இடமிருப்பதாக நினைத்து யாரேனும் புகுந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று மைத்துனன் கேட்டான். நான் பதில் சொல்லவில்லை. நம்பர் பிளேட்டுக்கு 20 ரூபாய் பல்பு போட்டும் 15 மீட்டரில் கடைசி இலக்கம் தெரியவில்லை. பிளேட்டைச் சோப்புத் தண்ணீரில் கழுவியதும் தெரிந்தது.

ஒளிதிருப்பும் டேப் முன்னால் வெள்ளை, பக்கவாட்டில் மஞ்சள், பின்னால் சிவப்பு, ஏ.ஐ.எஸ். 090 என்ற வாகனத் துறைத் தரக் குறி உள்ளதையே வாங்கினேன், 450 ரூபாய். பனி ஈரத்தோடு அதிகாலையில் ஒட்டிய பின்பக்கத் துண்டு இரண்டே நாளில் உரிந்து வந்தது. பெட்ரோல் துணியால் துடைத்து வெயிலில் காயவிட்டு ஒட்டியது நிற்கிறது.

லக், ஸ்லீவ், டேப் போன்ற சில்லறைக்கு 150, ஃப்யூஸும் அதன் பெட்டியும் 60 என்று எல்லாம் சேர்த்து 2,865 ரூபாய். எல்.இ.டி.க்குக் கொடுத்த 1,850 இதில் சேராது. அது வேறு கணக்கு. மறு ஆய்வில் அதே ஆய்வாளர், அதே சுவர். டிம் போட்டதும் கோட்டைப் பார்த்தார், தலையசைத்தார், அடுத்த வண்டியை அழைத்தார். எல்லாம் சேர்த்து நான்கு நிமிடம்கூட ஆகவில்லை.

மீண்டும் செய்வதாக இருந்தால் இரண்டு இடங்களில் மாற்றிச் செய்வேன். முதலாவது, ரிலேக்களை முன்பம்பருக்குப் பின்னால் வாய் மேல்நோக்கி இருக்கும்படி வைத்துவிட்டேன். மழைநீர் தேங்காமல் வாய் கீழ்நோக்கி இருக்க வேண்டும். இரண்டாவது இன்னும் முக்கியமானது: இரண்டு விளக்குகளுக்கும் சேர்த்து ஒரே ஒரு 20 ஆம்பியர் ஃப்யூஸ்தான் போட்டிருக்கிறேன். அது போனால் பாரத்தோடு போய்க்கொண்டிருக்கும்போது முகப்பு மொத்தமும் ஒரே நொடியில் இருண்டுவிடும். இடது விளக்குக்கு ஒன்று, வலது விளக்குக்கு ஒன்று என்று தனித்தனியாகப் பிரிக்க வேண்டும். நான்கு ஃப்யூஸ் வைக்கும் பெட்டி வாங்கி வைத்திருக்கிறேன். தைப்பூச நடை தொடங்குவதற்குள் அதை மாட்டிவிடுவேன். அதுவரை மாற்று ஃப்யூஸ் இரண்டும் ஒரு டார்ச்சும் ஓட்டுநர் இருக்கைக்குப் பக்கத்துக் குழியில் கிடக்கின்றன.